‘பாய்’ என்றால் அண்ணன் என்று சொன்னவர்

ஐயா, நீங்கள் பொய் சொல்கிறவர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் தையல்காரன், மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன்.

போன வாரப் பத்திரிகையில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். வெள்ளைக்காரன் தன் வேலைக்காரனை ‘பாய்’ என்று கூப்பிடுவதில் இழிவே இல்லையாம். அது இங்கிலீஷ் வார்த்தையே இல்லையாம். அண்ணன் தம்பி என்று பொருள்படும் நம் உருது ‘பாய்’தானாம். கப்பலை விட்டு இறங்கிய புதிதில் வெள்ளைக்காரன் அதைக் காதால் கேட்டுப் பழகிக்கொண்டானாம். இதற்குச் சாட்சி வேறு வைத்திருக்கிறீர்கள். அடையாற்றுப் பங்களா ஒன்றில் வேலை செய்த வயதான முஸ்லிம் பட்லர் ஒருவர், ‘என் துரை என்னை அண்ணன் என்றுதான் அழைக்கிறார்’ என்று கண்ணீர் மல்க உங்களிடம் சொன்னாராம்.

அந்தக் கிழவர் என் அத்தா, என்னைப் பெற்ற தகப்பன். அவர் உங்களிடம் அப்படிச் சொன்னது உண்மை. அழுததும் உண்மை. அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அம்மா பிறந்த வீட்டில் உருது பேசுவார்கள். அத்தா வீட்டில் தமிழ். அம்மா தன் அண்ணனை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவின் குரலே மாறிவிடும். அந்த வார்த்தைக்கு என்ன கனம் என்று எங்களுக்குத் தெரியும். தெருவில் எல்லோரும் எங்கள் ஆட்களை அதே வார்த்தையால்தான் கூப்பிட்டார்கள். கறிக்கடைக்காரரும் பாய், அத்தர் விற்கிறவரும் பாய். சிலர் மரியாதையோடு கூப்பிடுவார்கள், சிலர் அலட்சியமாகக் கூப்பிடுவார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் அது எங்கள் வார்த்தை.

அத்தா அடையாற்றங்கரையில் ஒரு பெரிய பங்களாவில் பட்லராக இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே அந்த வேலை. விடிவதற்குள் எழுந்து நடந்தே போய்விடுவார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, இடுப்பில் பெல்ட்டு, அதில் அந்தப் பங்களாவின் அடையாளமாக ஒரு பித்தளை வில்லை. வில்லையைப் புளி போட்டுத் தேய்க்க வேறு யாரையும் விடமாட்டார்.

பழைய துரை வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு ‘பாய்!’ என்று ஒரு சத்தம் போடுவார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறவனுக்கும் கேட்கும். அத்தா ஓடுவார். அந்தச் சத்தத்தில் அவருக்கு அவ்வளவு பெருமை. காரணம் இருந்தது. தோட்டக்காரனைத் துரை ‘மாலி’ என்பார். பாத்திரம் துலக்குகிற சின்னப் பையனை ‘சோக்ரா’ என்பார், உருதுவில் பையன் என்று அர்த்தம். துரையின் சொந்த மகன் ‘பாபா’. அத்தா ஒருவர்தான் ‘பாய்’.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு முதல் இங்கிலீஷ் புத்தகம் கொடுத்தார்கள். அதில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பந்தை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கீழே ‘பாய்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அன்று மாலை அத்தாவிடம் கேட்டேன்.

“அத்தா, பாய்னா பையன்னு அர்த்தமாம். வாத்தியார் சொன்னாரு.”

“உங்க வாத்தியாரு தொரை வூட்ல வேலை செஞ்சிருக்காராடா?”

“இல்ல.”

“அப்ப அவருக்கு இன்னா தெரியும்? பையனைத் தொரை சோக்ரான்னு கூப்புடறாரு. என்னெ பாய்ங்கறாரு. எனக்குத் தாடியெல்லாம் நரைச்சுப் போச்சு. என்னெப் பாத்துப் பையன்னு சொல்ல அவருக்கு இன்னா கண்ணா அவிஞ்சு போச்சு?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. இன்றைக்கும் அதை மடக்க எனக்குத் தெரியாது. பையனைப் பையன் என்று சொல்ல வெள்ளைக்காரன் நம்மவர் வார்த்தை ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தான். நரைத்த கிழவனைக் கூப்பிட மட்டும் சொந்த ஊர் வார்த்தையை மிச்சம் வைத்திருந்தான். இப்படி ஒரு கேடுகெட்ட கணக்கு இருக்கும் என்று நல்ல மனசு உள்ளவனுக்கு எப்படித் தோன்றும்?

பங்களாவில் சமையல் செய்தவர் சாந்தோம் குப்பத்துக் கிறிஸ்தவர். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து கடலுக்குப் போகாமல் அடுப்புக்கு வந்தவர். அவருக்கு அத்தாவைச் சீண்டாமல் பொழுது போகாது.

“இன்னா பாய், உன் தம்பி அங்க கத்திக்கினு கீறாரு. காதுல உழலியா?”

“உழுது. நீ வெங்காயத்தைப் பாரு.”

“சொத்துல பங்கு குடுப்பாரா நைனா? கேட்டு வையி. எனுக்கு அந்த குதுர வண்டி மட்டும் போதும்.”

“உனுக்கு அந்த குதுர போடற சாணிகூடக் கெடைக்காது.”

இருவரும் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. விஷம் வைத்தவர் பிறகு வந்தார்.

நான் வளர்ந்தேன். இங்கிலீஷ் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. தையல் கடைக்கு வருகிற குமாஸ்தாக்கள் பேசுவது காதில் விழுந்தது. மறுபடியும் அத்தாவிடம் சொன்னேன், பளிச்சென்று: அது பையன்தான், உங்களைச் சின்னப் பையன் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. சில நாள் என்னோடு பேச்சு இல்லை. அப்புறம் ஒரு நாள், “தெரிஞ்சவங்க யாருனாச்சும் சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்” என்றார்.

தெரிந்தவர் என்றால் அந்த வட்டாரத்தில் நீங்கள்தான். கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தியாகராய நகர் அப்போதுதான் ஏரி மண்ணில் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே புது வீடு கட்டிக் குடி போயிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூர் வாசகசாலைக்கு வந்து இங்கிலீஷ் வார்த்தைகளின் பிறப்பு வளர்ப்பைப் பற்றிப் பேசுவீர்கள். அத்தாவும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். நீங்கள் பேசி முடித்ததும் அத்தா எழுந்தார். அவ்வளவு பேர் நடுவில் அவர் எழுந்து நின்று பேசியதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

“ஐயா, ஒரு சந்தேகம். எங்க தொரை என்னெ பாய்னு கூப்புடறாரு. நான் அது அண்ணன்னு சொல்றேன். எம் புள்ள அது பையன்னு சொல்றான். எது சரி, நீங்க சொல்லணும்.”

வாசகசாலையே சிரித்தது. நீங்கள் கையைத் தூக்கிச் சிரிப்பை அடக்கினீர்கள்.

“சிரிக்காதேயுங்கள். இந்தப் பெரியவர் கேட்டது நாம் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி” என்று ஆரம்பித்தீர்கள். கப்பல், துறைமுகம், உருது, பழைய காலத்துத் துரைமார்கள் என்று ஒரு பெரிய மாலை கட்டினீர்கள். கடைசியில், “பெரியவரே, உங்கள் பக்கம்தான் நியாயம். உங்கள் துரை உங்களை அண்ணா என்றுதான் அழைக்கிறார். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். வார்த்தைக்குத் தெரியும்” என்றீர்கள்.

முன்வரிசையில் ஒருவர், “அப்போ நாங்களும் துரையைப் பாய்னு கூப்பிடலாமா சார்?” என்று கேட்டார்.

“தாராளமாக! உறவு என்றால் இரண்டு பக்கமும்தானே!”

கைதட்டல். அத்தா முன்னால் வந்து உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அதைத்தான் நீங்கள் இப்போது பத்திரிகையில் விற்றிருக்கிறீர்கள்.

நானும் நம்பினேன். கல்லூரிக்காரர் சொல்லும்போது மூன்றாம் பாரம் என்ன பேசும்? வீட்டுக்குப் போகிற வழியில் அத்தா அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கினார். அவர் பூ வாங்குகிறவரே இல்லை.

பிறகு பழைய துரை ஊருக்குப் போய்விட்டார். புதுத் துரை வந்தார். அத்தாவுக்கு மகன் வயது இருக்கும். அவரும் அதே வார்த்தையால்தான் கூப்பிட்டார். அத்தாவுக்குச் சந்தோஷம். “இவரும் அப்டியே கூப்புடறார்டா. அவுங்க வளர்ப்பு அந்த மாதிரி” என்றார்.

புதுத் துரைக்கு நம் ஊர்ப் பெரிய மனிதர்களோடு பழக வேண்டும் என்று ஆசை. ஒரு நாள் சாயங்காலம் ஆற்றோரப் புல்தரையில் தேநீர் விருந்து வைத்தார். வெள்ளைக்காரர்கள் பாதி, நம்மவர்கள் பாதி. ஆள் போதாது என்று அத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நானே தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் தட்டு தூக்கினேன். நீங்களும் வந்திருந்தீர்கள், சரிகைத் தலைப்பாகையோடு. அத்தாவுக்கு உங்களைப் பார்த்ததில் முகமெல்லாம் பல். கேக்குத் தட்டை முதலில் உங்களிடம்தான் கொண்டுவந்தார். நீங்கள் கேக்கை எடுத்தீர்கள், முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அந்த வார்த்தையை நான் நன்றாகக் கவனித்தேன். துரையின் நாய் பந்தைக் கவ்விக்கொண்டு வந்தது. “குட் பாய்” என்று அதன் தலையைத் தட்டினார். உங்கள் தோளில் கை போட்டு, “ஓல்ட் பாய்” என்றார். நீங்கள் பூரித்துப்போய் நின்றீர்கள். பிறகு தேநீர் ஆறிவிட்டது என்று அத்தாவைப் பார்த்து, “பாய்!” என்று இரைந்தார். நாய்க்கும் உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே வார்த்தை. நாய்க்குச் சொன்னபோதுதான் குரலில் உண்மையான பிரியம் இருந்தது.

விருந்து முடிகிற நேரம். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடிக்க வேண்டும் என்று துரை காமிராவைக் கையில் எடுத்தார். வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பின்னால் போ, இன்னும் பின்னால் போ என்றார். துரை குனிந்து காமிராவைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் ஆற்றுக்கு இறங்குகிற கல்படி. பாசி பிடித்த படி. கீழே நீர் வற்றிச் சேறும் கருங்கல்லும் தெரிந்தது. ஒரு குதிகால் விளிம்புக்கு வந்துவிட்டது. பக்கத்தில் தட்டோடு நின்ற அத்தா கத்தினார்.

“பாய்! பாய்! பாத்து!”

துரை அப்படியே நின்றார். விழவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தார். அந்தப் பெண்மணிதான் முதலில் சிரித்தார். “உங்கள் பட்லர் உங்களைப் ‘பாய்’ என்கிறாரே!” என்று இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். துரையின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

என்னை என்னவென்று கூப்பிட்டாய் என்று அத்தாவைக் கேட்டார்.

அத்தா சிரித்துக்கொண்டுதான் நின்றார். துரை பிழைத்தாரே என்ற சந்தோஷம். தனக்குத் தெரிந்த பட்லர் இங்கிலீஷில் பதில் சொன்னார். துரையைக் காட்டி, “மாஸ்டர் பாய்.” தன் நெஞ்சைத் தொட்டு, “மி பாய். சேம் சேம்.” பிறகு விரலை நீட்டி உங்களைக் காட்டினார். “தட் ஐயா நோயிங்.”

அந்த ஐயாவுக்குத் தெரியும் என்றார். துரை உங்கள் பக்கம் திரும்பி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் நாலு அடி தள்ளி நின்றேன். என் காது செவிடில்லை.

உங்களிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்கப்பட்டது. ‘அவர் பாஷையில் அது அண்ணன் என்று அர்த்தம், நீங்கள் விழாமல் இருக்கக் கூப்பிட்டார்.’ அதற்குக் கப்பலும் வேண்டாம், துறைமுகமும் வேண்டாம். உங்கள் வாழ்நாளில் நீங்கள் அந்த வார்த்தையைப் பற்றிச் சொன்னதெல்லாம் எப்படியோ போகட்டும். அன்று அத்தாவின் வாயிலிருந்து வந்தது நிஜமாகவே அண்ணன்தான். அதில் ஆராய்ச்சிக்கு இடமே இல்லை.

நீங்கள் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தீர்கள். “இன்சொலன்ஸ், ஐ ஆம் அஃப்ரெய்ட்” என்றீர்கள்.

எனக்கு அந்த வார்த்தை தெரியாது. சத்தத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டேன்.

துரை அத்தாவின் இடுப்பைக் காட்டினார். கழற்று என்றார். அத்தாவின் கையில் தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் போய் வாங்கிக்கொண்டேன். பெல்ட்டைக் கழற்றினார். வில்லையோடு அது புல்லில் விழுந்தது. துரை அடுத்து தலைப்பாகையைக் காட்டினார். வெளியார் முன்னால் தலையைத் திறந்து என் அத்தா நின்றதே இல்லை. வழுக்கைத் தலையோடு அத்தனை விருந்தாளிகளையும் கடந்து நடந்தார். யாரோ ஒருவர் மறுபடியும் சிரித்தார். நீங்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாயில் கேக்கு இருந்தது.

சமையலறைப் பக்கம் வந்ததும் சமையல்காரர் ஓடிவந்தார்.

“இன்னாச்சு பாய்? தலை இன்னா இப்டி கீது?”

“ஒண்ணும் இல்ல. தம்பி கோச்சுக்கினாரு” என்றார் அத்தா.

அப்போதும் அவர் நம்பிக்கொண்டுதான் இருந்தார். சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேலி செய்ததே இல்லை.

மறுநாள் என் பழைய வாத்தியாரைத் தேடிப் போய் அந்தச் சத்தத்தைச் சொல்லிக்காட்டி அர்த்தம் கேட்டேன். ‘திமிர்’ என்றார். வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, “வா, அவரையே கேப்போம்” என்றார்.

தியாகராய நகர் வீட்டு வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தீர்கள். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அதை விடுங்கள். நடந்த பேச்சு இதுதான். ஒரு எழுத்துத் தப்பென்றால் திருத்துங்கள்.

“ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. கால் தவறப் போச்சு, அண்ணன்னு கூப்ட்டான்னு.”

“நீங்க பெரியவர், பாய். அத்தனை பேருக்கு நடுவில அப்படிக் கத்தலாமோ? அந்த அர்த்தமெல்லாம் அங்க எடுபடாது.”

“வாசகசாலையில எடுபட்டுதே ஐயா.”

“அது நம்ம மனுஷா கூடற இடம். ஏதோ நாலு பேர் மனசு சந்தோஷப்படச் சொல்றது. அதைப் போய் நெஜம்னு நெனைச்சுண்டு துரைகிட்டயே…”

நான் குறுக்கிட்டேன். “அப்ப நீங்க சொன்னது பொய்யா சார்?”

“பொய்னு யாருடா சொன்னா? ஆராய்ச்சி. ஆராய்ச்சின்னா ரெண்டு பக்கமும் உண்டு. உனக்கு அதெல்லாம் புரியாது.” அத்தாவிடம் திரும்பினீர்கள். “மனசுல வச்சுண்டிருக்காதீங்கோ. போய்ட்டு வாங்கோ, பாய்.”

“இனிமே அப்டிக் கூப்புடாதீங்க ஐயா.”

“எப்படி?”

அத்தா படி இறங்கினார்.

வேலை போனது பெரிதில்லை. என் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு கிடைத்தது. உங்களால் போனது அந்த வார்த்தை. இந்த ஊரில் எங்களவர் ஒருவர் அதைக் கேட்காமல் ஒரு நாளைத் தள்ள முடியுமா? பால்காரன் கூப்பிடுவான், ஜட்காக்காரன் கூப்பிடுவான், தொழுகைக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவர் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் அத்தாவின் தோள் ஒடுங்கும். கை தானாகத் தலைக்குப் போய்த் தொப்பி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்.

ஒரு நாள் மாடவீதி மாமி ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். பல வருஷ வாடிக்கை. நான் உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

“பாய், எங்காத்துப் பொண்ணோட ரவிக்கை ஆயிடுத்தா?”

“இங்க பாய் யாரும் இல்லம்மா” என்றார் அத்தா, தலையைத் தூக்காமல்.

“அப்படியா? வந்தா சொல்லுங்கோ” என்று மாமி போய்விட்டார். அந்த அம்மாளுக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரியாது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அம்மாவின் அண்ணன் வீட்டுக்கு வந்தால்கூட அம்மா அந்த வார்த்தையை விழுங்கிக்கொள்ள ஆரம்பித்தார். அண்ணனைக் கையால் தொட்டுக் கூப்பிடுவார். ஊமை மாதிரி. எங்கள் வீட்டுக்குள்ளேயே எங்கள் வார்த்தை செத்தது. கடைசிக் காலத்தில் அத்தாவுக்கு நினைவு தடுமாறியது. மாமா வந்து படுக்கைப் பக்கத்தில் குனிந்து, “பாய், நான்தான் வந்திருக்கேன்” என்றார். அத்தா எழுந்து உட்காரப் பார்த்தார். “எஸ் மாஸ்டர்” என்றார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு.

இப்போது அவரைச் சாட்சியாக்கிப் பத்திரிகையில் எழுதுகிறீர்கள். ‘அந்த எளிய மனிதரின் கண்ணீரே இச்சொல்லின் அகராதி’ என்று முடித்திருக்கிறீர்கள். படித்தவர்கள் உச்சுக்கொட்டியிருப்பார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் இதே விஷயத்தைப் பற்றி நீங்கள் பேசப்போவதாகக் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் வருவேன். உங்கள் பேச்சை நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்ல வேண்டும், என்னிடம் தனியாக அல்ல, அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. துரை உங்களைக் கேட்டாரா, இல்லையா? ‘இன்சொலன்ஸ்’ என்று சொன்னீர்களா, இல்லையா? எங்களிடம் சொன்ன அண்ணன் பொய்யா, துரையிடம் சொன்ன திமிர் பொய்யா? இரண்டு பக்கமும் உண்டு என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஒன்றைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அதையே அடுத்த வாரப் பத்திரிகையிலும் உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள்.